ஒரே தோசைக்கு மூன்று ஆப்பில் மூன்று கலோரி: எதை நம்புவது?

உங்கள் கேள்வியில் விவரம் நிறைய இருந்ததால் முதலில் அதைச் சுருக்கிக்கொள்கிறேன். ஆண், வயது 38, உயரம் 170 செ.மீ., எடை 82 கிலோ. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை, மாலையில் கொஞ்சம் நடை. சாப்பாடு பெரும்பாலும் வீட்டில்தான். மூன்று ஆப்களை இறக்கிப் பார்த்ததில் ஒரு தோசைக்கு ஒன்று 97, இன்னொன்று 133, மூன்றாவது 212 கலோரி என்று காட்டுகிறது. இதில் எதற்குக் காசு கட்டலாம், வாட்ச் ‘இன்று 540 கலோரி எரித்தீர்கள்’ என்றால் அந்த அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிடலாமா, சர்க்கரை நோய் உள்ள அம்மாவுக்கும் இதையே போட்டுக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த ஆப் என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் உங்களைக் குழப்பியது அந்த மூன்று எண்கள். அவை எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துவிட்டால் ஆப்பை நீங்களே தேர்ந்தெடுத்துவிடுவீர்கள்.

நான் டயட்டீஷியன். என்னிடம் வருகிறவர்கள் எடை குறைக்க நினைப்பவர்கள், சர்க்கரை, தைராய்டு, பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்று வருபவர்கள். போட்டிக்கு உடம்பைத் தயார் செய்பவர்களின் கணக்கு வேறு மாதிரி. அது என் துறை இல்லை, அதைப் பற்றி இங்கே பேசப்போவதும் இல்லை. எந்த ஆப் நிறுவனத்தோடும் எனக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. சந்தா விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் அதையும் சொல்லவில்லை.

எந்த ஆப்பாக இருந்தாலும் பார்க்க அழகாக இருக்கும் முகப்புக்குப் பின்னால் ஓர் உணவுப் பட்டியல் இருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுப்பது உண்மையில் அந்தப் பட்டியலைத்தான். பட்டியலில் உள்ள எண்கள் மூன்று வழியில் வரும். ஒன்று, ஆய்வகத்தில் அளந்தது. அமெரிக்க வேளாண்மைத் துறை இப்படி அளந்த விவரங்களை ஃபுட்டேட்டா சென்ட்ரல் என்ற பெயரில் இலவசமாகத் தருகிறது. நம் நாட்டில் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணை இருக்கிறது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து மாதிரி எடுத்து 528 உணவுப் பொருட்களை அளந்திருக்கிறார்கள். அரிசி, உளுந்து, கீரை, மீன் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது சமைக்காத பொருட்களின் அட்டவணை. தோசையும் வத்தக்குழம்பும் அதில் இல்லை. ஆகவே எந்த ஆப்பில் நீங்கள் பார்க்கும் தோசையின் எண்ணும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு செய்முறையை வைத்துப் போட்ட கணக்குதான். இரண்டாவது வழி, பாக்கெட்டின் பின்னால் அச்சிட்டிருப்பதை அப்படியே ஏற்றுவது. மூன்றாவது, பயன்படுத்துபவர்களே தட்டச்சு செய்து சேர்ப்பது. குழப்பத்தில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

மைஃபிட்னஸ்பால் என்ற ஆப் 2005-ல் தொடங்கியது. அதன் பட்டியல் அவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம் பயனர்களே சேர்த்ததுதான். தேடியது ஏதாவது ஒரு வடிவில் கிடைத்துவிடும், ஆனால் ஒரே பொருளுக்குப் பத்துப் பதினைந்து வரிகள் வந்து நிற்கும். கனடாவைச் சேர்ந்த குரோனோமீட்டர் இதற்கு நேர் எதிர். பட்டியல் சிறியது, சரிபார்த்துச் சேர்த்தது, ஒவ்வொரு வரியும் எந்த மூலத்திலிருந்து வந்தது என்றும் காட்டும். இரும்பு, பி12, கால்சியம் போன்ற நுண்சத்துகளையும் விரிவாகத் தரும். நம் ஊர் பலகாரங்களைத் தேடினால்தான் சில நேரம் கை விரித்துவிடும். பெங்களூரில் 2012-ல் தொடங்கிய ஹெல்தி‌ஃபைமீ (இப்போது ஹெல்தி‌ஃபை) இந்தியச் சாப்பாட்டுக்காகவே உருவானது. ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு கப் உப்புமா என்று போட்டுக்கொண்டே போகலாம். வசதிதான். ஆனால் யார் வீட்டுக் கிண்ணம், யார் வீட்டுச் சாம்பார் என்று கேட்டால் அதற்கு எந்த ஆப்பும் பதில் சொல்ல முடியாது.

உங்கள் தோசைக்கு வருவோம். நான்கு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்: 800 கிராம் புழுங்கல் அரிசி, 200 கிராம் உளுந்து. வெந்தயத்தை விட்டுவிடலாம். அரிசி 100 கிராமுக்கு ஏறத்தாழ 352 கலோரி, உளுத்தம்பருப்பு 324. மொத்தம் சுமார் 3,460. அரைத்து, கரைத்து, உப்புப் போட்டபின் மாவு இரண்டரை கிலோ நின்றால் 100 கிராம் ஈர மாவுக்கு 139 கலோரி வரும். 60 கிராம் மாவில் எண்ணெய் தடவினது போலச் சுட்ட சின்னத் தோசை கிட்டத்தட்ட 97. எண்பது கிராம் மாவு, அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெய் என்றால் 133. பெரிய குழிக்கரண்டியில் 105 கிராம் மாவு எடுத்து ஊற்றி, ஒன்றரைத் தேக்கரண்டி எண்ணெயைச் சுற்றிவிட்டு முறுகலாக எடுத்தால் 212 வந்துவிடும். ஆக, உங்கள் மூன்று ஆப்பும் சரியாகவே இருக்கலாம். மூன்றும் வேறு வேறு வீட்டுத் தோசையைச் சொல்கின்றன, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் எவை உறுதி, எவை தோராயம் என்றும் பார்த்துவிடுங்கள். எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி என்பதில் சந்தேகமே வேண்டாம். ஒரு தேக்கரண்டிக்கு 40-ஐத் தாண்டும். அரிசி, உளுந்தின் எண்கள் ரகத்தைப் பொறுத்துச் சில சதவீதம் ஏறி இறங்கலாம், பெரிய வித்தியாசம் வராது. நீங்கள் மாவில் எவ்வளவு தண்ணீர் விடுகிறீர்கள், உங்கள் வீட்டுக் கரண்டி எத்தனை கிராம் அள்ளும் என்பதுதான் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். அதை அளந்தால்தான் தெரியும். அதனால்தான் சந்தா கட்டுவதற்கு முன்னால் சமையலறைக்கு ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கச் சொல்கிறேன். ஒரு கிராம் துல்லியத்தில், ஐந்து கிலோ வரை தாங்குவது போதும். காலிப் பாத்திரத்தை ஒருமுறை நிறுத்து, எடையை அதன் அடியிலேயே மார்க்கரால் எழுதி வைத்துவிடுங்கள். குழம்போ கூட்டோ கொதித்து இறங்கியதும் பாத்திரத்தோடு நிறுத்து, காலி எடையைக் கழித்தால் மொத்தக் குழம்பின் எடை கிடைத்துவிடும்.

இப்போது ஆப்பை எப்படிப் பொறுக்குவது என்பது தெளிவாகிவிடும். ‘ரெசிபி’ பகுதியில் உங்கள் பொருட்களை எடைபோட்டு ஏற்றி, சமைத்து முடித்த மொத்த எடையைக் கொடுத்து, அதிலிருந்து ‘எனக்கு 180 கிராம்’ என்று எடுக்க முடிகிற ஆப் உங்களுக்கு ஏற்றது. எத்தனை ‘சர்விங்’ என்று மட்டும் கேட்கும் ஆப்பாக இருந்தாலும் ஒரு குறுக்கு வழி உண்டு. மொத்தக் குழம்பு 1,600 கிராம் என்றால் 16 சர்விங் என்று போட்டுவிடுங்கள். அப்புறம் ஒரு சர்விங் என்றால் 100 கிராம், 180 கிராமுக்கு 1.8. ஒரு வீட்டில் திரும்பத் திரும்பச் செய்யும் பதார்த்தங்கள் இருபது இருபத்தைந்துக்குள் அடங்கிவிடும். அவற்றை ஒருமுறை ஏற்றிவிட்டால் அதன்பின் பதிவு சில நொடி வேலை. இதைச் செய்துவிட்டால் எந்த ஆப்பின் தோசை சரி என்ற கேள்வியே எழாது.

வேறொருவர் ஏற்றிய வரியை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு சோதனை போடுங்கள். புரதம் கிராமுக்கு 4, மாவுச்சத்து 4, கொழுப்பு 9. பெருக்கிக் கூட்டினால் அங்கே போட்டிருக்கும் கலோரிக்குப் பக்கத்தில் வர வேண்டும். ‘இரண்டு இட்லி, மாவுச்சத்து 24 கிராம், 35 கலோரி’ என்று இருந்தால், மாவுச்சத்து மட்டுமே 96 ஆயிற்றே. அந்த வரியைத் தொடாதீர்கள். நார்ச்சத்து நிறைய உள்ள உணவில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், இவ்வளவு இருக்காது. அடுத்தது, சாதம். பச்சையாக 100 கிராம் அரிசி 350 கலோரி. அதுவே வடித்தபின் 250 முதல் 300 கிராம் சாதமாகிவிடும், அதனால் சாதம் 100 கிராமுக்கு 120-140 தான். தட்டில் இருந்த 300 கிராம் சாதத்தை அரிசி என்ற வரியில் பதிந்துவிட்டு, ‘ஒருவேளைச் சாப்பாடே ஆயிரம் கலோரியா’ என்று பயந்துபோய் வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். சப்பாத்தி, சுண்டல், இறைச்சி எல்லாவற்றிலும் இந்தப் பச்சை-சமைத்தது குழப்பம் உண்டு.

தட்டைப் படம் எடுத்தால் கலோரி சொல்லும் வசதி பற்றியும் போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். அது இட்லி, இது வடை என்று அடையாளம் காண்பதில் நன்றாகவே முன்னேறியிருக்கிறார்கள். ஆனால் பொரியலுக்குள் எவ்வளவு எண்ணெய் போயிருக்கிறது, சட்னியில் தேங்காய் எவ்வளவு, பொட்டுக்கடலை எவ்வளவு, கிண்ணத்தின் ஆழம் என்ன என்பதெல்லாம் படத்தில் தெரியாது. நம் சமையலில் கலோரி ஒளிந்திருப்பதே அங்கேதான். வெளியே சாப்பிடும் நாளில் ஞாபகத்துக்குப் படம் எடுத்து வையுங்கள், எண்ணை நம்ப வேண்டாம்.

அடுத்து, ஆப் உங்களுக்குக் கொடுக்கும் தினசரி இலக்கு. பல ஆப்கள் 1990-ல் வந்த மிஃப்ளின்-செயின்ட் ஜியோர் என்ற சூத்திரத்தைத்தான் பயன்படுத்துகின்றன. உங்கள் வயது, எடை, உயரத்தைப் போட்டால் ஓய்வில் உடம்பு செலவழிப்பது சுமார் 1,700 கலோரி. அதை, நீங்கள் எவ்வளவு அசைகிறீர்கள் என்று தேர்ந்தெடுப்பதைப் பொறுத்து ஓர் எண்ணால் பெருக்குவார்கள். ‘உட்கார்ந்த வேலை’ என்றால் 1.2, ‘லேசான உழைப்பு’ என்றால் 1.375. முதலாவதில் 2,040, இரண்டாவதில் 2,330. ஒரு பொத்தானை மாற்றி அழுத்தியதில் ஏறத்தாழ 300 கலோரி வித்தியாசம்! தோசையின் 97-க்கும் 133-க்கும் கவலைப்பட்ட நாம் இதைக் கண்டுகொள்வதே இல்லை. எனவே அந்த இலக்கை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் ஒழுங்காகப் பதிந்து, தினமும் காலையில் எடை பார்த்து, வார சராசரியை ஒப்பிடுங்கள். பதிந்த கலோரியும் எடை போகும் திசையும் சேர்ந்து சொல்வதுதான் உங்கள் உடம்பின் உண்மையான கணக்கு. முதல் வாரத்தில் சடாரென்று ஒன்றரைக் கிலோ குறைந்தால் கொண்டாட வேண்டாம், அதில் பெரும்பகுதி தண்ணீர்.

எடை அசையவே இல்லை, பதிவு மட்டும் 1,400 என்று காட்டுகிறது என்றால்? உடம்பில் கோளாறு என்று நினைப்பதற்கு முன்னால் பதிவைப் பாருங்கள். 1992-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ‘எவ்வளவு குறைத்தாலும் இளைப்பதில்லை’ என்று சொன்ன ஒரு சிறு குழுவினரின் உண்மையான செலவை அளந்து பார்த்தார்கள். சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். பொய் சொன்னார்கள் என்பதில்லை, மனித நினைவு அப்படி. நம் ஊரில் விட்டுப்போவது எது என்றும் சொல்லிவிடலாம்: மூன்று வேளைக் காபியின் பாலும் சர்க்கரையும், தாளித்த எண்ணெய், பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்தது, டீக்கடை வடை. இத்தனையும் பதிந்தபிறகும் எடை நகராவிட்டால் தைராய்டு பார்க்கச் சொல்வேன்.

ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறவருக்கு ஆப்பால் கிடைக்கும் பெரிய பயன் கலோரி எண்ணில் இல்லை. மேலே சொன்ன 80 கிராம் மாவுத் தோசையில் புரதம் மூன்றரை கிராம் அளவுதான். நான்கு தோசை சாப்பிட்டாலும் 14 கிராம். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பரிந்துரை உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம், உங்கள் எடைக்கு 68. எடை குறைக்கும்போது தசை கரையாமல் இருக்க, சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு, இன்னும் கொஞ்சம் கூட்டச் சொல்வது வழக்கம். ஒரு வாரம் ஒழுங்காகப் பதிந்தால் புரதம் எங்கே விட்டுப்போகிறது, எண்ணெய் எங்கே சேர்கிறது என்ற இரண்டும் பளிச்சென்று தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், முதல் மாதம் கலோரி வட்டத்தைப் பார்க்காமல் இந்த இரண்டு வரிகளை மட்டும் பார்த்தாலே போதும்.

வாட்ச் விஷயம். 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கையில் கட்டும் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். இதயத் துடிப்பில் ஆறு கருவிகள் ஐந்து சதவீதப் பிழைக்குள் நின்றன. எரித்த கலோரியிலோ, இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். அந்த மாடல்கள் இன்று பழையவை, புதியவை மேம்பட்டிருக்கலாம். ஆனாலும் துடிப்பையும் அசைவையும் வைத்து ஊகிப்பது என்ற அடிப்படை மாறவில்லை. ஆகவே 540-ஐ நம்பிப் பரோட்டா வேண்டாம். ஆப்பின் அமைப்புகளில் ‘உடற்பயிற்சிக் கலோரியை இலக்கில் சேர்’ என்ற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். நடையைக் கணக்கில் வைத்து ‘லேசான உழைப்பு’ என்று தேர்ந்தெடுத்துவிட்டு, வாட்சையும் இணைத்தால் ஒரே நடைக்கு இரண்டு முறை கணக்கு ஏறும். அடிகளின் எண்ணிக்கையை மட்டும் நம்பலாம், அதுவும் நேற்றைய உங்களோடு இன்றைய உங்களை ஒப்பிட. (பத்தாயிரம் அடி என்ற இலக்கு 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து வந்தது. டாக்டர்கள் கூடி முடிவு செய்ததல்ல.) வாட்ச் கட்டினால் எடை தானாகக் குறையும் என்பதற்கும் பெரிய ஆதாரம் இல்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 471 பேரை இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்து 2016-ல் வெளியிட்டதில், கருவி கட்டியவர்கள் 3.5 கிலோவும், கருவியில்லாமல் தாங்களே பதிந்தவர்கள் 5.9 கிலோவும் குறைந்திருந்தார்கள். ஏன் அப்படி என்பதில் இன்னும் ஒரு முடிவு இல்லை.

தகவல் பாதுகாப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. 2018-ல் மைஃபிட்னஸ்பாலின் சுமார் 15 கோடிக் கணக்குகளின் விவரங்கள் திருடுபோயின. ஓட்டத்தைப் பதியும் ஸ்ட்ராவா என்ற ஆப் முந்தைய ஆண்டு வெளியிட்ட ஓட்ட வரைபடத்தில் ராணுவ முகாம்களின் இருப்பிடமே தெரிகிறது என்பதும் அதே ஆண்டில்தான் வெளியே வந்தது. எனவே வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் வைத்திருக்கும் கடவுச்சொல்லை இங்கே வைக்காதீர்கள். இருப்பிடம், தொடர்பு எண்கள் ஆகிய அனுமதிகளைக் கொடுக்க வேண்டாம், சோறு பதிவதற்கு அவை தேவையில்லை. ஓடும் பாதையைப் பதிந்தால் வீட்டு வாசலை மறைக்கும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். பதிந்ததை சி.எஸ்.வி. கோப்பாக (எக்செல் போன்றவற்றில் திறக்கக்கூடிய அட்டவணை) வெளியே எடுக்க முடிகிறதா என்றும் முதல் நாளே பாருங்கள். மைஃபிட்னஸ்பாலில் இலவசமாக இருந்த பார்கோடு ஸ்கேன் 2022-ல் கட்டண வசதியாக மாறியது போல எதுவும் எப்போதும் மாறலாம். இருபது ரெசிபியை ஏற்றிய உழைப்பு நம் கையில் இருக்க வேண்டும்.

சரி, உங்களுக்கான பதில். தராசு வாங்கி ரெசிபி ஏற்றப் பொறுமை இருந்தால் குரோனோமீட்டரின் இலவசப் பதிப்பே போதும். நிறுத்துப் பார்ப்பது வீட்டில் ஒத்துவராது, கிண்ணக் கணக்கே போதும் என்றால் ஹெல்தி‌ஃபை. பாக்கெட் உணவு அதிகம் சாப்பிடும் வெளிநாட்டு வாழ்க்கை என்றால் மைஃபிட்னஸ்பால். உங்கள் நிலைமைக்கு அது மூன்றாவது. காசு கட்டுவதாக இருந்தால் முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். பலர் மூன்றாவது வாரத்தோடு நிறுத்திவிடுவதைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆண்டுச் சந்தாவுக்கு அவசரமில்லை. ஆறேழு வாரம் நிறுத்துப் பதிந்தபின் கண்ணுக்கே அளவு பழகிவிடும். அதற்கப்புறம் மாதத்தில் ஒரு வாரம் பதிந்தால் போதும். சாப்பிட்டு முடித்ததும் எண் கூடிவிட்டதே என்று குற்ற உணர்வு, பதிய முடியாத விருந்துக்குப் போகவே பயம் என்றெல்லாம் வந்தால் ஆப்பை அன்றே நீக்கிவிடுங்கள். முன்பு உணவுக் கோளாறு இருந்தவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அம்மாவுக்கு இதையே போட்டுக் கொடுக்காதீர்கள். அவர் மாத்திரை அட்டையில் கிளிமிப்பிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு என்று ஏதாவது எழுதியிருந்தாலோ, இன்சுலின் போட்டுக்கொண்டாலோ, ஆப் சொன்னதென்று இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கினால் சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கிவிடலாம். அவருக்குக் கலோரி இலக்கே தேவையில்லை. ஒரு நோட்டில் நான்கு பத்தி கோடு போட்டுக் கொடுங்கள்: நேரம், சாப்பிட்டது, மாத்திரை, குளுக்கோமீட்டர் அளவு. சாப்பிடும் முன்னும், சாப்பிடத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்தும் வாரத்தில் சில நாள் பார்த்து எழுதினாலே போதும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்த நோட்டைக் காட்டி, உணவைக் குறைக்கலாமா, குறைத்தால் மாத்திரையின் அளவையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள்.